"ரெக்கார்டு இருக்குங்களா?": ஷோரூம் சர்வீஸ், வெளிப் பட்டறை, விற்கும்போது வரும் விலை

சேலத்தில் பழைய கார் வாங்கி விற்கும் எந்த கார் கன்சல்டிங்குக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனாலும், பானெட்டைத் திறக்கும் முன்பே கேள்வி வந்துவிடும்: "சர்வீஸ் ரெக்கார்டு இருக்குங்களா?" இருக்கிறது என்றால் அடுத்தது, "கம்பெனியிலயா, வெளியிலயா?" கம்பெனி என்றால் விலை ஏறும், வெளியில் என்றால் இறங்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. அதனால் வாரண்டி முடிந்து நாலைந்து வருடம் ஆன பிறகும் பலர் ஷோரூமுக்கே போகிறார்கள். வேண்டாத கிளீனிங்குக்கெல்லாம் பணம் கட்டிவிட்டு, "விற்கும்போது வந்துடும்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். சில வண்டிகளுக்கு வரும். பல வண்டிகளுக்கு வராது.

கன்சல்டிங்காரர் எதற்காக ரெக்கார்டு கேட்கிறார் என்பதிலிருந்து தொடங்கலாம். இன்ஜின் எப்படி இருக்கிறது, சஸ்பென்ஷனில் சத்தம் வருகிறதா என்பதையெல்லாம் அவர் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது ஒன்றுதான்: மீட்டரில் காட்டும் கிலோமீட்டர் நிஜமா என்பது. டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது இன்று ஒரு லேப்டாப்பும் கேபிளும் இருந்தால் முடிகிற வேலை. கம்பெனி ஒர்க்ஷாப்பில் வண்டி நுழைந்ததும் ஜாப் கார்டு போடுவார்கள். பதிவெண், தேதி, அன்றைய கிலோமீட்டர் மூன்றும் அதில் ஏறும். பெரும்பாலான கம்பெனிகளில் அது அந்த டீலரின் கம்ப்யூட்டரோடு நிற்காமல் தயாரிப்பாளரின் பொது சர்வருக்குப் போய்விடும். ஆத்தூரில் போட்ட ஜாப் கார்டை ஓசூரில் உள்ள அதே பிராண்ட் ஒர்க்ஷாப்பில் எடுத்துப் பார்க்கலாம். ஓனர் நினைத்தாலும் அதைத் திருத்த முடியாது. கன்சல்டிங்காரர் ஷோரூமில் தெரிந்த ஒருவருக்கு போன் போட்டு நம்பரைச் சொல்வார். தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக வந்துவிடும்.

ஒரு உதாரணம். 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ரெக்கார்டில் 1,020, 5,140, 10,300, 19,800, 31,200 என்று வரிசையாக எண்கள். கடைசிப் பதிவு 2022. அதன்பிறகு ஒன்றுமில்லை. 2025-ல் விற்க வருகிறது, மீட்டர் 46,000 காட்டுகிறது. முதல் மூன்று வருடத்தில் வருடத்துக்குப் பத்தாயிரம் ஓடிய வண்டி, அடுத்த மூன்று வருடத்தில் வருடத்துக்கு ஐயாயிரமாகச் சுருங்கியது எப்படி? வீட்டிலிருந்து வேலை பார்த்தது உண்மையான காரணமாக இருக்கலாம். ஆனால் விலை பேசுகிறவர் 62,000 என்று மனதுக்குள் எழுதிக்கொண்டுதான் பேசுவார். அந்த மூன்று வருடத்துக்கும் வெளிப் பட்டறையின் ஒழுங்கான பில் மூன்று இருந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. விலை குறைவது இந்த வெற்றிடத்தால்தான். வெளி மெக்கானிக் ஸ்பேனர் வைத்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பேரத்துக்காக அப்படிச் சொல்வாரே தவிர.

இன்னொரு பக்கமும் உண்டு. கம்பெனி ரெக்கார்டு எப்போதும் விற்பவருக்குச் சாதகமாகப் பேசும் என்று இல்லை. இன்சூரன்ஸ் க்ளெய்மில் முன்பக்கம் மாற்றியது, கதவுக்கு பெயின்ட் அடித்தது எல்லாம் அதே பட்டியலில் இருக்கும். வெளியில் டிங்கரிங் செய்தால் பதிவு இருக்காது. ஆனால் பெயின்ட் கனம் அளக்கும் கருவி இப்போது நிறைய பேரிடம் இருக்கிறது. தொழிற்சாலை பெயின்ட் ஏறத்தாழ 80 முதல் 150 மைக்ரான். மறுபடி அடித்த இடம் 200-ஐத் தாண்டும். பட்டி (ஒடுங்கிய இடத்தை நிரப்பும் பசை) போட்டிருந்தால் 500-க்கு மேல் போகும். கருவி இல்லாதவர் பானெட் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைப் பார்ப்பார். ஒருமுறை ஸ்பேனர் பட்ட போல்ட்டின் மூலையில் பெயின்ட் உடைந்திருக்கும். ஆகவே மறைப்பதில் லாபமில்லை. பம்பர் மாற்றியிருந்தால் பில்லைக் காட்டிவிடுவதே மேல்.

எந்த வயதில் எது

வாரண்டி ஓடும்வரை ஷோரூம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. மாருதியில் 2024 ஜூலை முதல் 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். மற்றவர்களும் ஏறக்குறைய அந்த அளவில்தான். மாருதியில் 1,000, 5,000, 10,000 கிலோமீட்டரில் வரும் இலவச சர்வீஸ்களில் லேபர் மட்டுமே இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசுதான். எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தால் அது முடியும்வரை. பெரும்பாலான கம்பெனிகளில் மிச்சமிருக்கும் வாரண்டியை அடுத்த ஓனருக்கு மாற்றித்தர முடியும். ஐந்து வயது வண்டியை விற்கும்போது இன்னும் ஒரு வருட வாரண்டி பாக்கி என்று சொல்ல முடிவது பெரிய பலம். ஒரே ஒரு சர்வீஸைத் தவறவிட்டால் அந்தப் பலம் போய்விடலாம்.

"வெளியில் காட்டினால் வாரண்டி கேன்சல்" என்று சர்வீஸ் அட்வைசர் சொல்வது எல்லா இடத்திலும் செல்லாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்ததற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் பழுதான பாகத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. நடைமுறையில், கியர்பாக்ஸ் க்ளெய்முக்காக ஷோரூமில் நின்று இதை வாதாடிக் கொண்டிருப்பதைவிட, அந்த மூன்று வருடமும் அங்கேயே விட்டுவிடுவது நிம்மதி.

நாலாவது வருடத்திலிருந்து ஏழெட்டு வருடம் வரைதான் யோசிக்க வேண்டிய காலம். ஒரு கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம். சின்ன பெட்ரோல் காருக்கு ஷோரூமில் வருட சர்வீஸ் 8,000 ரூபாய், நல்ல வெளிப் பட்டறையில் 4,500. மிச்சம் 3,500. ஐந்து சர்வீஸுக்கு 17,500. விற்கும்போது வண்டியின் விலை நாலு லட்சம். பேப்பர் எதுவும் இல்லை என்று 20,000 குறைத்துவிட்டால் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்க் கையிலிருந்தும் 2,500. பில் ஃபைல் சுத்தமாக இருந்து, "இருந்தாலும் வெளி சர்வீஸ்தானுங்களே" என்று 5,000 மட்டும் குறைத்தால் 12,500 நிற்கிறது. மொத்த விஷயமும் அந்த ஃபைலில் இருக்கிறது.

பத்து வயதுக்கு மேல் ரெக்கார்டை யாரும் கேட்பதில்லை. டயர், இன்ஜின் புகை, துரு, எத்தனை ஓனர், அவ்வளவுதான்.

சில வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிவிடி, டிசிடி போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வண்டிகள் முதலாவது. அதற்கென்று சொல்லப்பட்ட திரவத்தைத் தவிர வேறு எதை ஊற்றினாலும் கியர்பாக்ஸ் வீணாகலாம். பல சிவிடி-களில் அளவு பார்ப்பதற்கே திரவம் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்க வேண்டும், அந்த வெப்பத்தை ஸ்கேனரில்தான் படிக்க வேண்டும். எலக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிகளில் பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது வழக்கமான அளவு. வாங்குகிறவர் காசு கொடுப்பதே அந்த வாரண்டிக்கும், பேட்டரியில் எத்தனை சதவீதத் திறன் மிச்சம் என்று டீலர் தரும் அறிக்கைக்கும்தான். அங்கே சில்லறை மிச்சம் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை. புகைபோக்கிப் பாதையில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். எந்த வகை என்று மேனுவலில் இருக்கும். பல வண்டிகளில் டின்னில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று தேட வேண்டியிருக்கும். லாரிக்கு ஊற்றும் டீசல் ஆயிலை ஊற்றினால் இன்ஜின் சத்தமில்லாமல்தான் ஓடும், மைலேஜும் வரும். ஆனால் ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பல் டிபிஎஃப்-இல் தங்கும். கரியை ரீஜெனரேஷனில் எரித்துவிடலாம், சாம்பல் எரியாது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் கழித்து விளக்கு எரியும்போது எந்த ஆயில் காரணம் என்று யாருக்கும் நினைவிருக்காது. பில்லில் ஆயிலின் வகை எழுதியிருந்தால் வாங்குகிறவருக்கு அது ஒரு உத்தரவாதம்.

டைமிங் பெல்ட் இன்ஜின்களுக்கும் இதேதான். டஸ்டர், டெரானோவில் வந்த 1.5 டீசல், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.6, 1.5 டீசல்கள் பெல்ட் வகை. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் ஹெட்டே கழற்ற வேண்டிவரும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மாற்றிய பில் இல்லையென்றால் வாங்குகிறவர் அந்தச் செலவை முழுதாகக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார், சொல்வதும் நியாயம். பழைய ஸ்விஃப்ட், டிசையரில் இருந்த 1.3 டீசல் செயின் வகை. அதில் பெல்ட் பயம் இல்லை. ஆனால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயின் நீளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கரகரவென்று வரும் சத்தம் அதுதான்.

ஷோரூம் எஸ்டிமேட்டில் அடித்து நீக்க வேண்டியவை

ஜாப் கார்டு போடும்போதே "மேனுவலில் உள்ள பீரியாடிக் மெயின்டனன்ஸ் மட்டும்" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், இன்ஜின் டிரெஸ்ஸிங், கண்ணாடிப் பாலிஷ், இன்டீரியர் என்ரிச்மென்ட் என்று புரியாத பெயரில் வரும் எதுவும் மறுவிற்பனையில் ஒரு ரூபாய் சேர்க்காது. வீல் அலைன்மென்ட் பயனுள்ளது, ஆனால் ஐயாயிரம் கிலோமீட்டரில் டயர் சீராகத் தேய்ந்திருந்தால் மறுபடி தேவையில்லை. அடிப்பக்கக் கோட்டிங் ஏற்காட்டில் நிறுத்தும் வண்டிக்குச் சரி. அஸ்தம்பட்டியில் ஷெட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு எதற்கு?

அளவையும் பாருங்கள். சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டரை ஒட்டித்தான் ஆயில் போகும், சரியான எண் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பேரலில் இருந்து மீட்டர் துப்பாக்கியில் ஊற்றும் ஷோரூம் பில்லில் 3.1 என்று தசமத்தில் வரவேண்டும். முழுசாக 4 என்று வந்தால் மிச்ச டின்னைக் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், லேபருக்கும் 18. இன்னும் 28 போட்டு பில் வந்தால் கேள்வி கேட்கலாம்.

வெளிப் பட்டறை: எங்கே தவறு நடக்கிறது

வெளியில் நல்ல கை கிடைத்தால் ஷோரூமைவிடச் சுத்தமாக வேலை நடக்கும். அங்கே ஒரே ஆள் கழற்றுகிறார், அவரே மாட்டுகிறார், சத்தம் திரும்ப வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. தவறு நடப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். வாங்குகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அவைதான்.

ஆயில் டிரெயின் போல்ட்டின் அடியில் ஒரு மெல்லிய வாஷர் இருக்கும். ஒருமுறை இறுக்கினால் நசுங்கி அடைக்கும் வகை, மறுமுறைக்குப் புதிது போட வேண்டும். சில ரூபாய் சாமான். பழையதையே போட்டுக் கசியாமல் இருக்க நீளக் கைப்பிடியில் இறுக்குவார்கள். அலுமினிய சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) மரை போய்விடும். அடுத்தமுறை மரையில் டேப் சுற்றி, மேலே சிலிகான் பசை பூசி ஓட்டுவார்கள். வண்டியை ரேம்ப்பில் ஏற்றிப் பார்ப்பவருக்கு அந்தச் சாம்பல் நிறப் பசை ஒன்றே போதும், பேரத்தைப் பத்தாயிரத்தில் இருந்து தொடங்க. இன்ஜின் அடித்தட்டில் எட்டு கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, வீல் ஆர்ச் பிளாஸ்டிக்கில் கேபிள் டை, ஹோஸில் ஸ்க்ரூ கிளாம்ப், ஒயரிங்கில் கறுப்பு டேப்: இவை எல்லாம் "கண்ட இடத்தில் காட்டின வண்டி" என்று சொல்லாமல் சொல்லும். கிளிப் ஒரு டஜன் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஆயில் கிரேடு அடுத்தது. புதிய பெட்ரோல் இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 சொல்கிறார்கள். "நம்ம சேலம் வெயிலுக்கு அது தண்ணி மாதிரி ஓடிடுமுங்க, 20டபிள்யூ-40 ஊத்திக்கலாம்" என்பது பழைய கைகளின் வழக்கம். வெளியில் நாற்பது டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்குள் ஆயிலின் வெப்பம் தெர்மோஸ்டாட்டையும் கூலன்டையும் பொறுத்து ஏறத்தாழ ஒரே அளவில்தான் நிற்கும். இன்றைய இன்ஜினில் ஆயில் வழிகள் நுணுக்கமானவை. வால்வ் டைமிங்கை மாற்றும் கருவி ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. கெட்டி ஆயில் போட்டால் மைலேஜ் குறையும், அந்தக் கருவி தாமதமாக வேலை செய்யும். வாங்க வருபவர் பில்லில் 20டபிள்யூ-40 பார்த்தால் அதையே பிடித்துக்கொள்வார்.

கூலன்டில் போர் தண்ணீர் கலப்பது நம் ஊருக்கே உரிய கேடு. சேலத்தைச் சுற்றி வெள்ளைக்கல் பூமி. மேக்னசைட் சுரங்கம் இருக்கும் இடத்தில் நிலத்தடி நீரில் கடினத்தன்மைக்குக் கேட்கவா வேண்டும். குக்கரில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். கலந்து வரும் கூலன்டை அப்படியே ஊற்றுங்கள், அல்லது கலக்காமல் வரும் கூலன்டை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். கூலன்ட் தொட்டியின் உள்சுவரில் வெள்ளையோ துரு நிறமோ தெரிந்தால் வாங்குகிறவர் ஹெட் கேஸ்கெட் வரை சந்தேகப்படுவார். வண்டி ஆறியிருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

பில் என்றால் எப்படி இருக்க வேண்டும்

"சர்வீஸ் 4500" என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவது பில் ஆகாது. வண்டி நம்பர், தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பிராண்டும் கிரேடும் அளவும், ஃபில்டரின் பார்ட் நம்பர், லேபர் தனியாக, அடுத்த சர்வீஸ் எத்தனையில், பட்டறை முத்திரை. ஜிஎஸ்டி எண் இருந்தால் தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். நல்ல மெக்கானிக்குகள் பலர் சிறிய அளவில் தொழில் செய்வதால் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்க மாட்டார்கள். அதற்காக அவர்களை விட வேண்டியதில்லை. ஆயிலையும் ஃபில்டரையும் பிரேக் பேடையும் நீங்களே கம்பெனி பார்ட்ஸ் கடையில் வாங்குங்கள், பில்லில் வண்டி நம்பரைப் போடச் சொல்லுங்கள், மெக்கானிக்கின் லேபர் சீட்டை அதோடு பின் அடித்து வையுங்கள். காலி ஃபில்டர் அட்டைப்பெட்டியில் பார்ட் நம்பர், ஹோலோகிராம் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டி அதே ஃபைலில் போடலாம்.

வேலை முடிந்ததும் மீட்டரும் நம்பர் பிளேட்டும் தெரிய இரண்டு போட்டோ எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் தேதி விவரம் உதிர்ந்துவிடும். மின்னஞ்சலின் தேதியை எளிதில் மாற்ற முடியாது.

இதைவிட வலுவான சாட்சி, சம்பந்தமில்லாத கடைகளின் காகிதம். அலைன்மென்ட் கடையில் தரும் பிரின்ட்டில் வண்டி நம்பர், தேதி, பல நேரம் கிலோமீட்டரும் இருக்கும். பேட்டரி வாரண்டி கார்டில் வாங்கிய தேதி. டயர் பில்லில் சீரியல் நம்பர். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் (2423 என்றால் 2023-இன் 24-வது வாரம்) அதோடு பொருந்த வேண்டும். மூன்று கடைகளின் காகிதம் ஒரே கணக்கைச் சொன்னால் ஷோரூம் ரெக்கார்டுக்கு அது குறைந்ததில்லை.

இன்னொரு வழியும் உண்டு, இதை ஏனோ அதிகம் பேர் செய்வதில்லை. வெளியில் சர்வீஸ் செய்தாலும் வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி ஒர்க்ஷாப்பில் தலைகாட்டுங்கள். வாட்டர் வாஷ், அலைன்மென்ட், ஜெனரல் செக்கப் என்று ஏதாவது சின்ன வேலைக்கு. ஜாப் கார்டு விழும், அன்றைய கிலோமீட்டர் சர்வரில் ஏறும், ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதாவது நிலுவையில் இருந்தால் இலவசமாகச் செய்தும் தருவார்கள். சில நூறு ரூபாய்க்கு மீட்டருக்கு ஒரு சாட்சி. கம்பெனியே நடத்தும் பழைய கார் கடையில் எக்ஸ்சேஞ்ச் கொடுக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அவர்கள் முதலில் திறப்பது அவர்களுடைய சர்வரைத்தான்.

நேரடிப் பார்ட்டிக்கு விற்கும்போது நிலைமை வேறு. சேலம் பெரிய ஊர்தான், ஆனால் மெக்கானிக்குகளின் உலகம் சின்னது. "யாருங்க பாக்கறது?" என்று கேட்டு, அந்தப் பட்டறைக்கே போன் போட்டுவிடுவார்கள். பேர் உள்ள மெக்கானிக் "தைரியமா எடுங்க, நான் பார்த்த வண்டிதான்" என்று சொன்னால் அதற்கு இருக்கும் மதிப்பு எந்த பிரின்ட் அவுட்டுக்கும் இல்லை.

மலை ஏறின வண்டி

ஏற்காட்டில் ஓடின வண்டி என்றாலே சமவெளியில் வாங்குகிறவர் முகம் மாறும். காரணம் இல்லாமல் இல்லை. அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து கீழே வரும்போது உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,100 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ வண்டி என்றால் அந்த இறக்கத்தில் எங்காவது போய்த்தான் ஆகவேண்டிய ஆற்றல் மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 25 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரப் போதுமானது. ஏறின கியரிலேயே இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் தாங்கும். டாப் கியரில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் மொத்தமும் முன்சக்கர டிஸ்க்கில் இறங்கும்.

இங்கேதான் பிரேக் ஆயில் கணக்குக்கு வருகிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம், 3.7 சதவீதம் ஈரம் ஏறினால் அது 155-க்கு இறங்கிவிடலாம். டாட் 3-க்கு இந்த எண்கள் 205, 140. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி; பெடல் பஞ்சு போல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அல்லது 40,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறார்கள். மழைக்கால ஈரத்தில் மலையிலேயே நிற்கும் வண்டிக்கு இரண்டு வருடத்தைத் தாண்டவே கூடாது.

மாற்றுவதிலும் ஏமாற்று உண்டு, ஷோரூம் வெளி என்ற பேதமில்லாமல். மேல் தொட்டியில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றுவார்கள். பார்க்கத் தேன் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். சூடேறும் இடமான காலிப்பரில் பழையதே நிற்கும். ஒழுங்காகச் செய்தால் நாலு சக்கரத்திலும் பிளீடர் நிப்பிளைத் திறந்து, பெரும்பாலும் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி, தெளிவான திரவம் வரும்வரை விட வேண்டும். அரை லிட்டர் பாட்டில் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். நிப்பிளின் ரப்பர் தொப்பியில் தூசி அப்படியே இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

விவரம் தெரிந்த சேலத்துப் பார்ட்டி டெஸ்ட் டிரைவுக்கு பைபாஸ் போகமாட்டார். அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு ஏறிவிட்டு இறங்குவார். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டக்டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். பள்ளத்தில் கட்டென்று ஒற்றைச் சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்ட். இறக்கத்தில் பிரேக் போடும்போது ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் சூட்டில் சீரிழந்திருக்கிறது. நிறுத்திவிட்டு டிஸ்க்கைப் பார்த்தால் நீலம் பாய்ந்திருக்கும்.

ஆகவே மலையில் ஓடும் வண்டிக்கு மற்ற எதையும்விட இரண்டு பில் முக்கியம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து மாற்றிய பில், கிலோமீட்டரோடு. பிளேட் மட்டும் மாற்றியதை யாரும் மதிக்க மாட்டார்கள், ஆறு மாதத்தில் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டிவரும் என்று தெரியும். பிரேக் பேடும் திரவமும் மாற்றிய பில் இரண்டாவது. இவை இருந்தால் மலை வண்டி என்ற குறையே எழாது. எஸ்டேட் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் இலை அடைத்து, தண்ணீர் வழியில்லாமல் முன்சீட்டுக் கால்மிதியின் அடியில் இறங்கும். மிதியைத் தூக்கிக் கையால் அழுத்திப் பாருங்கள், ஈரமும் பூஞ்சை வாடையும் விலையை நேராகக் கீழே இழுக்கும்.

விற்கப் போகும் மாதத்தில்

பெரிய சர்வீஸ் செய்துவிட்டு விற்க வேண்டாம், செலவழித்த காசு திரும்பாது. சர்வீஸ் தேதி தாண்டியிருந்தால் ஆயிலும் ஃபில்டரும் மட்டும். ஒரு கம்பெனி ஜாப் கார்டு, நிலுவை ரீகால், விட்டுப்போன கிளிப்புகள், எரியாத பல்புகள். இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள்; புதிதாகச் செய்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் கோடிங்கோடு ஆயிரக்கணக்கில் ஆகும், இல்லை என்றால் அதற்கும் கழிப்பார்கள். இன்ஜின் ரூமை டீசல் அடித்துப் பளபளக்க வைக்காதீர்கள். புதிதாகக் கழுவிய இன்ஜினைப் பார்த்ததும் எங்கே ஆயில் கசிவு என்றுதான் தேடுவார்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்திருந்தால் பழுதைச் சரிசெய்யாமல் ஸ்கேனரில் எரர் கோடை மட்டும் அழித்துவிட்டுக் காட்டுவது இன்று செல்லாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது, போனில் ஆப் இருந்தால் போதும். கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பெரும்பாலான வண்டிகளின் கம்ப்யூட்டர் சொல்லும். உண்மையாகவே ஏதாவது வேலை பார்த்து கோடை அழித்திருந்தால், மலை ஒருமுறை, ஊருக்குள் இரண்டு மூன்று நாள் என்று ஓட்டிவிட்டுக் காட்டுங்கள். மீட்டரில் 58,000 இருக்கும் வண்டியில் "கோடு அழித்து 6 கிலோமீட்டர்" என்று வாங்க வந்தவரின் போனில் தெரிந்தால், ஐந்து வருட ஷோரூம் ரெக்கார்டைக் கையில் கொடுத்தாலும் அவர் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார்.